துள்ளும் உருளைக்கிழங்கு

உருளைக்கிழங்கை நாம் எத்தனையோ விதமாகச் சமைக்கிறோம். நீரில் வேக வைத்து மசிக்கிறோம். மெல்லிய வில்லைகளாகச் சீவிப் பொரிக்கிறோம். மசாலாவாக்கிப் போண்டாவுக்குள் அடைக்கிறோம். ஆனால், தோல் சீவிய முழுக் கிழங்கை எண்ணெயில் மூழ்க வைத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அடுப்பிலேயே விட்டு வைத்தால் என்ன ஆகும்? குரோம்பேட்டையில் எந்த வீட்டில் கேட்டாலும், "கரியாகிப் போகும்" என்றுதான் விடை வரும். ஆனால் அது கரியாவதில்லை. மேலே கெட்டியான பொன்னிற ஓடும், உள்ளே வெண்ணெய் போன்ற மென்மையும் கொண்ட ஓர் அருமையான பண்டமாகிறது. நம் நாட்டிலேயே, கல்கத்தாவில் வாழ்ந்த யூதர்கள் இதனை வாரந்தோறும் செய்து வந்தார்கள். இதன் பெயர் 'ஆலு மக்கல்லா'.

மாணவ நண்பர்களே, இதைச் சமையற் குறிப்பாக மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டாம். நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்த உள்ளுறை வெப்பம், வெப்பக் கடத்தல், அடர்த்தி, குளிர்தல் ஆகிய நான்கும் இந்த ஒரு கிழங்குக்குள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்கத்தாவில் ஒரு வெள்ளிக்கிழமை

இந்தியாவில் யூதர்கள் பல இடங்களில் வாழ்ந்திருக்கிறார்கள். கொச்சியில் அவர்கள் 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. சென்னையிலும் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் யூத வணிகர்கள் லண்டனிலிருந்து பவளத்தை வரவழைத்து, இங்கிருந்து வைரத்தை அனுப்பினார்கள். ஜார்ஜ் டவுனில் உள்ள பவளக்காரத் தெருவின் பெயர் அந்த வணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

கல்கத்தாவின் கதை சற்றுப் பிந்தியது. சிரியா நாட்டின் அலெப்போ நகரில் பிறந்த ஷாலோம் கோஹன் என்னும் வணிகர் சூரத் வழியாக 1798-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து பாக்தாத், பாஸ்ரா ஆகிய ஊர்களிலிருந்து பல குடும்பங்கள் வந்தன. அதனால் இவர்களைப் 'பாக்தாதி யூதர்கள்' என்பார்கள். 1856-இல் பெத் எல், 1884-இல் மாகென் டேவிட் ஆகிய பெரிய தொழுகைக்கூடங்களைக் கட்டினார்கள். 1902-இல் தொடங்கிய நஹூம் ரொட்டிக்கடை கல்கத்தாவின் நியூ மார்க்கெட்டில் புகழ்பெற்றது. 1940-களில் சில ஆயிரம் பேராக இருந்த இச்சமூகம், நாடு விடுதலை பெற்ற பின் இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று சிதறியது. இன்று கொல்கத்தாவில் எஞ்சியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. ஆனால் சிதறிய குடும்பங்கள் போன இடமெல்லாம் இந்தக் கிழங்கும் கூடவே போயிற்று.

பெயரைப் பாருங்கள். 'ஆலு' என்பது உருளைக்கிழங்கைக் குறிக்கும் இந்தி, வங்கச் சொல். 'மக்கல்லா' என்பது பொரித்தல் என்ற பொருள் தரும் அரபுச் சொல்லின் வழி வந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் விளைந்து, போர்ச்சுகீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்த கிழங்கு, அரபு மொழி பேசிய யூதர்களின் வீட்டில், பெரும்பாலும் முஸ்லிம் சமையற்காரர்களின் கையால் உருவான உணவு இது.

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை கதிரவன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை 'சாபத்' என்னும் ஓய்வு நாள். அந்த நேரத்தில் தீ மூட்டுவதும் சமைப்பதும் அவர்களது சமய விதிப்படி கூடாது. ஆனால் அந்த இரவில்தான் வாரத்தின் சிறந்த விருந்து! ஆகவே, சமையல் முழுவதும் கதிரவன் மறையுமுன் முடிந்தாக வேண்டும்; உணவோ பின்னர் உண்ணும்போதும் சுவையாக இருக்க வேண்டும். இதுதான் சமையலறைக்கு முன் இருந்த சிக்கல். வாரந்தோறும் தவறாமல் வரும் ஒரு தேர்வு என்றே சொல்லலாம்.

கதிரவன் எப்போது மறைகிறது என்பதும் நிலையானதன்று. கல்கத்தாவில் ஜூன் மாதம் ஏறத்தாழ 6.20 மணிக்கு மறையும் கதிரவன், டிசம்பரில் 5 மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. சென்னையில் டிசம்பரில் 5.45 மணி அளவில் மறைகிறது. ஏன் இந்த வேறுபாடு? கல்கத்தா நமக்குக் கிழக்கே சுமார் 8 டிகிரி தீர்க்கரேகை தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 32 நிமிடம் அதிலேயே போய்விடுகிறது. மீதம், அது நம்மைவிட வடக்கே இருப்பதால் குளிர்காலப் பகல் குறைவதன் விளைவு. எனவே கல்கத்தாச் சமையற்காரர் டிசம்பரில் பிற்பகல் 2 மணிக்கே அடுப்பை மூட்டியாக வேண்டும்.

செய்முறை

ஒரே அளவான சிறு கிழங்குகளாகத் தேர்ந்தெடுத்துத் தோலைச் சீவ வேண்டும். 5 செ.மீ. விட்டமுள்ள கிழங்கு என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 14 நிற்கும். அவற்றைக் குளிர்ந்த நீரில் இட்டு, உப்பும் மஞ்சள் தூளும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். நீர் கொதித்ததும் வடித்துவிட வேண்டும். முழுதும் வேக விடக் கூடாது. பிறகு துணியில் பரப்பி ஈரமின்றி உலர்த்தி, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்த வேண்டும். கனமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்பி, கிழங்கு மூழ்கும் அளவு எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெயில் குமிழிகள் நன்றாக வரத் தொடங்கியதும் தீயைத் தணித்து, அவ்வப்போது வாணலியை மெல்ல அசைத்துக் கொடுத்து, ஒரு மணி நேரம் அல்லது அதற்குச் சற்று மேல் விட்டுவைக்க வேண்டும். மேலோடு வெளிர் மஞ்சளாகி இறுகியதும் அடுப்பை அணைத்து எண்ணெயிலேயே விடலாம். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் தீயைக் கூட்டிச் சில நிமிடங்கள் பொன்னிறமாக்கி எடுக்க வேண்டும்.

நெய்யை ஏன் பயன்படுத்துவதில்லை? இறைச்சியையும் பால் பொருள்களையும் ஒரே உணவில் கலப்பது யூத சமய விதிப்படி கூடாது. இந்தக் கிழங்கு வழக்கமாகக் கோழி வறுவலுடன் உண்ணப்படுவது. ஆகவே எண்ணெய்தான்.

சரியாகச் செய்த கிழங்கின் மேலோடு மிகவும் கெட்டியாக இருக்கும். கத்தியால் அழுத்தினால் வழுக்கித் தட்டிலிருந்து துள்ளி ஓடும். அதனால் இதற்கு 'ஜம்பிங் பொட்டேட்டோ', அதாவது துள்ளும் உருளைக்கிழங்கு என்று செல்லப் பெயரும் உண்டு.

கொதிப்பது எண்ணெயா?

வாணலியில் குமிழிகள் வருவதைப் பார்த்து 'எண்ணெய் கொதிக்கிறது' என்கிறோம். உண்மையில் எண்ணெய் கொதிப்பதே இல்லை. 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் அது புகைந்து சிதையத் தொடங்கும். நாம் காணும் குமிழிகள் யாவும் கிழங்கிலிருந்து வெளிவரும் நீராவியே. உருளைக்கிழங்கின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது சுமார் 80 விழுக்காடு நீர்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. கிழங்கின் ஒரு பகுதியில் நீர் இருக்கும் வரை, அங்கே வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. எண்ணெய் 130 டிகிரியில் இருந்தாலும் 170 டிகிரியில் இருந்தாலும், வந்து சேரும் வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. ஆகவே கிழங்கின் உட்பகுதி நீரில் வெந்ததைப் போலவே வேகிறது. சுமார் 65 டிகிரியில் அங்குள்ள மாவுப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து மென்மையாகின்றன. மேற்பரப்பிலோ நீர் முழுவதும் போய்விடுகிறது. நீர் போன இடத்தில்தான் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அந்த உலர்ந்த பகுதியே மேலோடு. ஒரே கிழங்கில் இரு சமையல் நடக்கிறது: உள்ளே வேகவைத்தல், வெளியே வறுத்தல்.

நேரத்தின் கணக்கு

வெப்பம் திண்மப் பொருளுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதற்கான கணிதத்தை 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வெளியிட்டார். அதிலிருந்து கிடைக்கும் எளிய விதி இது: வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம், தொலைவின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இதை 'இருமடி விதி' என்று வைத்துக்கொள்வோம்.

உருளைக்கிழங்குக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 5 செ.மீ. விட்டமுள்ள கிழங்கின் மையம் 30 டிகிரியிலிருந்து 93 டிகிரியை எட்டச் சுமார் 23 நிமிடம் ஆகிறது. 10 செ.மீ. விட்டமுள்ள பெரிய கிழங்குக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி. ஒரே அளவான கிழங்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சமையற்காரர் வற்புறுத்துவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? அளவில் சிறிய வேறுபாடும் நேரத்தில் பெரிய வேறுபாடாகிவிடும்.

அப்படியானால் 23 நிமிடத்தில் மையம் வெந்துவிடுகிறதே, ஒரு மணிக்கு மேல் ஏன் வைக்க வேண்டும்? மீதி நேரம் முழுவதும் மேலோட்டுக்காகத்தான். மேலோடு வளர வேண்டுமானால், எண்ணெயின் வெப்பம் ஏற்கெனவே உலர்ந்துபோன ஓட்டைக் கடந்து உள்ளே ஈரம் இருக்கும் எல்லைக்குச் செல்ல வேண்டும். உலர்ந்த ஓடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஓடு தடிக்கத் தடிக்க அதன் வளர்ச்சி மெதுவாகிறது. இங்கும் ஏறத்தாழ அதே இருமடி விதிதான். 3 மி.மீ. தடிமனுள்ள ஓடு உருவாக, தணிந்த சூட்டில் முக்கால் மணி அளவு ஆகும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். 23 நிமிடத்தையும் இதையும் கூட்டினால் ஒரு மணிக்குச் சற்று மேல் வருகிறது. சமையற்காரரின் அனுபவமும் கணக்கும் ஒத்துப்போகின்றன!

தீயைக் கூட்டினால் விரைவில் முடியாதா? இங்கேதான் இரண்டு நிகழ்ச்சிகளுக்கிடையே ஒரு பந்தயம் நடக்கிறது. எண்ணெயை 130 டிகிரியிலிருந்து 170 டிகிரிக்கு உயர்த்துவதாகக் கொள்வோம். ஈரம் இருக்கும் எல்லை எப்போதும் 100 டிகிரி. ஆகவே வெப்பத்தை உள்ளே தள்ளும் வெப்பநிலை வேறுபாடு 30-லிருந்து 70 டிகிரியாகிறது; அதாவது 2.3 மடங்கு. மேலோட்டின் வளர்ச்சியும் ஏறக்குறைய அவ்வளவே விரைவாகும். ஆனால் நிறம் மாறுவது ஒரு வேதிவினை. வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் இரு மடங்காகும் என்பது ஒரு தோராய விதி. 40 டிகிரி உயர்வுக்கு 2×2×2×2, அதாவது 16 மடங்கு! ஓடு 2.3 மடங்கு வேகத்தில் தடிக்கும்போது, நிறம் 16 மடங்கு வேகத்தில் கறுக்கிறது. ஓடு தடிக்குமுன் கருகிவிடும். தணிந்த தீயில் இந்தப் பந்தயத்தில் ஓடு வெல்கிறது. 'கரியாகிப் போகும்' என்ற விடை எங்கே சரி, எங்கே தவறு என்பது இதில் தெளிவாகிறது.

எரிபொருளின் கணக்கு

1 கிலோ கிழங்கை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும்? உருளைக்கிழங்கின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு, சுமார் 3.5 கிலோஜூல். ஆகவே 1 × 3.5 × 70 = 245 கிலோஜூல்.

3 மி.மீ. ஓடு என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் 5 செ.மீ. கோளத்தில் வெளிப்புற 3 மி.மீ. மட்டும் மொத்தக் கன அளவில் 32 விழுக்காடு! (உள் ஆரம் 22 மி.மீ., வெளி ஆரம் 25 மி.மீ. என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) அதிலுள்ள நீர் போக வேண்டுமானால், கிலோவுக்குச் சுமார் 250 கிராம் நீர் ஆவியாக வேண்டும். நீரின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 2260 கிலோஜூல். எனவே 0.25 × 2260 = 565 கிலோஜூல். கிழங்கை வேக வைப்பதைவிட அதன் மேலோட்டை உலர்த்துவதற்கு இரு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும்!

எண்ணெயின் தன்வெப்பம் கிலோவுக்கு, டிகிரிக்கு, சுமார் 2 கிலோஜூல். நீருக்கு உள்ளதில் ஏறக்குறையப் பாதி. 1 கிலோ எண்ணெயை 100 டிகிரி உயர்த்த 200 கிலோஜூல். மூன்றையும் கூட்டினால் சுமார் 1000 கிலோஜூல். 1 கிராம் சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 46 கிலோஜூல் வெப்பம் தரும். அடுப்பின் திறன் 60 விழுக்காடு என்று கொண்டால், 36 கிராம் எரிவாயு தேவை. வாணலியின் பக்கங்களிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் இதற்கு மேல்.

நிறமும் ஒரு எச்சரிக்கையும்

நீரில் எவ்வளவு நேரம் வேக வைத்தாலும் கிழங்கு பொன்னிறமாகாது. காரணம், நீர் 100 டிகிரியைத் தாண்டாது. சர்க்கரையும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தரும் வினையை 1912-இல் பிரெஞ்சு வேதியியலார் மையார் விவரித்தார். தோசையின் முறுகல், ரொட்டியின் மேற்புறம், வறுத்த காப்பிக்கொட்டை யாவற்றிலும் நடப்பது இதுவே. 120 டிகிரிக்கு மேலே உலர்ந்த பரப்பில் இது நன்றாக நடக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். உருளைக்கிழங்கில் உள்ள அஸ்பரஜின் என்னும் அமினோ அமிலம், 120 டிகிரிக்கு மேல் சர்க்கரையுடன் வினைபுரியும்போது அக்ரிலமைடு என்னும் பொருளும் சிறிதளவு உண்டாகிறது என்பதை 2002-இல் சுவீடன் நாட்டு அறிவியலார் வெளிப்படுத்தினர். இப்பொருள் அதிக அளவில் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. நிறம் கறுக்கக் கறுக்க இதன் அளவும் கூடுகிறது. எனவே வறுவல் எதுவாயினும் பொன்னிறத்தோடு நிறுத்துவதே நல்லது.

முதலில் நீரில் கொதிக்க வைத்து வடித்தோமே, அது வீண் வேலையன்று. மேற்பரப்பிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதி நீரில் கரைந்து போய்விடுகிறது. அதனால் கிழங்கு திட்டுத் திட்டாகக் கருகாமல் சீராக நிறம் பெறுகிறது; அக்ரிலமைடும் குறைகிறது. மிகுந்த குளிரில் வைத்த கிழங்கில் மாவுப்பொருளின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். சிப்ஸ் செய்பவர்கள் அத்தகைய கிழங்கைத் தவிர்ப்பது, அது விரைவில் கறுத்துவிடும் என்பதால்தான்.

எண்ணெய் உள்ளே போகாதா?

ஒரு மணி நேரம் எண்ணெயில் கிடக்கும் கிழங்கு எண்ணெயைக் குடித்து ஊறிவிடாதா? சூடாக இருக்கும் வரை நீராவி இடைவிடாமல் வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஆவியை எதிர்த்து எண்ணெய் உள்ளே நுழைய முடியாது. குமிழி வருவதே காவல் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அடுப்பை அணைத்ததும் நிலைமை மாறுகிறது. ஓட்டின் துளைகளில் உள்ள ஆவி குளிர்ந்து நீராகிச் சுருங்குகிறது, அழுத்தம் குறைகிறது, வெளியிலுள்ள எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. பொரித்த பண்டங்கள் எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் எடுத்த பிறகு, குளிரும்போதுதான். வடையை எடுத்த சூட்டிலேயே எண்ணெயை வடிய விடுவது ஏன் என்று இப்போது புரியும்.

கடைசியில் தீயைக் கூட்டிச் சில நிமிடங்கள் சூடாக்குவது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஆறும்போது மையத்திலிருந்து ஓட்டுக்கு வந்து சேர்ந்த ஈரத்தை மீண்டும் விரட்டுகிறது, நிறத்தையும் தருகிறது. ஓடு முன்பே தடித்துவிட்டதால் இந்தக் குறுகிய வேகச் சூடு உள்ளே எதையும் கெடுப்பதில்லை.

கதிரவன் மறைந்த பிறகு

இப்போது முதலில் சொன்ன சிக்கலுக்கு வருவோம். விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வீட்டில், கடைசிச் சூடேற்றலும் கதிரவன் மறையுமுன் முடிந்துவிட வேண்டும். பிறகு தொழுகை, அதன் பின்னரே விருந்து. அதுவரை ஓடு நமத்துப் போகாமல் இருப்பது எப்படி?

அப்பளத்தையோ மெல்லிய வறுவலையோ எடுத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் நமத்துவிடுகிறது. பொரித்த கிழங்கின் ஓடு நமப்பது, உள்ளேயுள்ள ஈரம் மெல்ல ஊர்ந்து வெளியே வருவதால். ஈரம் பரவுவதும் வெப்பம் பரவுவதும் ஒரே வகைக் கணிதத்தைப் பின்பற்றுகின்றன. அதாவது, இங்கும் இருமடி விதி! 1 மி.மீ. ஓட்டை ஈரம் கடக்க ஒரு குறிப்பிட்ட நேரம் ஆகுமானால், 3 மி.மீ. ஓட்டைக் கடக்கத் தோராயமாக ஒன்பது மடங்கு நேரம் ஆகும்.

இதுதான் இந்தச் சமையலின் உயிர்நிலை. ஓட்டைத் தடிக்க வைக்க இருமடி விதி நம்மிடம் அதிக நேரத்தைக் கேட்கிறது. அந்த நேரத்தைப் பகலில் பொறுமையாகக் கொடுத்துவிட்டால், அதே விதி இரவில் அதைத் திருப்பித் தருகிறது. தீ மூட்ட முடியாத நேரத்துக்கான உணவு, தீ இருக்கும்போதே அதற்கேற்றபடி அமைக்கப்படுகிறது. உலர்ந்த ஓடு வெப்பத்தையும் எளிதில் விடாததால், கிழங்கின் உட்புறமும் நெடுநேரம் சூடாக இருக்கும்.

எண்ணெயும் இதற்குத் துணை செய்கிறது. சூடான நீர் தன் மேற்பரப்பிலிருந்து ஆவியாகி, உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொண்டு விரைவில் குளிர்கிறது. எண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. மேலும், எண்ணெயின் வெப்பக் கடத்துதிறன் நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் மேலே எண்ணெய்ப் படலம் உள்ள குழம்பு சூடு ஆறாமல் இருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். இதே பாக்தாதி யூதர்கள் சனிக்கிழமைக்காக 'ஹமீன்' என்னும் கோழிச் சோற்றை முதல் நாளே தணலின் மேல் வைத்து, இரவு முழுவதும் மெல்ல வேக விட்டதும் வெப்பத்தைக் காக்கும் இன்னொரு வழி.

செய்து பாருங்கள்

முதலில் ஒரு பாதுகாப்புக் குறிப்பு. சூடான எண்ணெய் வேலையைப் பெரியவர்கள் உடனிருக்கும்போதே செய்ய வேண்டும். 1 கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1700 மடங்கு பெருத்து, 1.7 லிட்டர் ஆகிறது. ஈரமான கிழங்கை எண்ணெயில் இட்டால் தெறிப்பதும், குத்தாத கிழங்கு சில நேரம் வெடிப்பதும் இதனால்தான். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெய் தீப்பற்றினால் எக்காரணம் கொண்டும் நீர் ஊற்றக் கூடாது. நீர் அடியில் சென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை வீசி எறியும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிக் காற்றைத் தடுக்க வேண்டும்.

கீழ்க்காணும் சோதனைகளுக்குச் சூடான எண்ணெய் தேவையில்லை. வெந்நீர் இருப்பதால் கவனம் தேவை.

1. மிதக்குமா, மூழ்குமா? 1 லிட்டர் நீரில் 120 கிராம் உப்பைக் கரையுங்கள். இக்கரைசலின் அடர்த்தி சுமார் 1.07. கடையில் வாங்கிய ஊட்டிக் கிழங்கு, ஆக்ரா கிழங்கு இரண்டையும் இட்டுப் பாருங்கள். மாவுப்பொருள் மிகுந்த கிழங்கு அடர்த்தி கூடியது, மூழ்கும். நீர்ச்சத்து மிகுந்தது மிதக்கும். மூழ்குவது உதிரியாக வேகும். மிதப்பது உடையாமல் நிற்கும். உங்கள் கடைக் கிழங்கு எந்த வகை?

2. இருமடி விதியைக் கண்ணால் காணல். ஒரே அளவான மூன்று கிழங்குகளைக் கொதிக்கும் நீரில் இட்டு, 1 நிமிடம், 4 நிமிடம், 9 நிமிடம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்து உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். குறுக்கே வெட்டினால், வெந்த வெளி வளையமும் வேகாத நடுப்பகுதியும் நிறத்தில் வேறுபட்டுத் தெரியும். வளையத்தின் தடிமனை அளவுகோலால் அளந்து எழுதுங்கள். முதலாவதில் சுமார் 3 மி.மீ., இரண்டாவதில் 5 அல்லது 6 மி.மீ. வர வேண்டும். நேரம் 1, 4, 9 என்று ஏறும்போது தடிமன் 1, 2, 3 என்ற விகிதத்தில் ஏறுகிறதா? கிழங்கு உருண்டையாக இருப்பதால் மூன்றாவது சற்று மாறலாம். எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்.

3. எண்ணெய்ப் படலமும் குளிர்தலும். ஒரே மாதிரியான இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு வெந்நீர் எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி எண்ணெயை மிதக்க விடுங்கள். வெப்பமானியால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் வெப்பநிலையையும் குறித்து, ஒரே வரைபடத்தாளில் இரு கோடுகள் வரையுங்கள். நியூட்டன் 1701-இல் வெளியிட்ட குளிர்தல் விதிப்படி, சூழலுக்கும் பொருளுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறையக் குளிரும் வேகமும் குறையும். உங்கள் கோடுகள் அப்படி வளைகின்றனவா? எது முதலில் 50 டிகிரிக்கு வருகிறது?

சிந்திக்க

கிழங்கின் விட்டத்தை 5 செ.மீ.-லிருந்து 4 செ.மீ. ஆகக் குறைத்தால் மையம் வேக எவ்வளவு நேரம் ஆகும்? அதே 3 மி.மீ. ஓடு அமைந்தால், கிலோவுக்கு எவ்வளவு நீர் ஆவியாகும்; எரிவாயுச் செலவு கூடுமா, குறையுமா? வேகும் நேரம் குறைவதும் எரிபொருள் கூடுவதும் ஒருங்கே நிகழ முடியுமா? விடையைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகு, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது எந்த அளவுக் கிழங்கை வாங்குவது என்று வீட்டாருக்கு நீங்களே காரணத்துடன் சொல்லலாம்.